ரங்கூன் கப்பல் படம்

என் கணவரின் புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அவர் படம் எடுத்துக்கொண்டதே கிடையாது. எங்களிடம் இருந்தது கப்பல்களின் படம்தான். அவரைத் தேடிப் போன இடத்துக்கு அதைத்தான் நான் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஆளைத் தேடி வந்தவள் கப்பலைக் காட்டுகிறாளே என்று ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்த வருஷம் சிரிக்க முடிந்தவர்கள் குறைவு.

கொடைக்கானல் கடைவீதியில் என் மாமனார் கம்பளி, குடை, லாந்தர் விளக்கு விற்றுவந்தார். எங்கள் இரண்டு வீட்டாருக்கும் பூர்வீகம் பழனி. நான் கல்யாணமாகித்தான் மலைக்கு வந்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அதில் மாமனார், நாங்கள் இருவர், தவழ்கிற வயதில் ஒரு மகள். என் கணவர் கம்பளிகளை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பங்களா பங்களாவாக ஏறி இறங்குவார். அதிகம் பேசமாட்டார். நடையில் மட்டும் வேகம். அவரோடு சேர்ந்து நடக்க வேண்டுமென்றால் நான் பாதி ஓட வேண்டும்.

அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏரியில் துரைமார் பிள்ளைகள் படகு விடுவதைப் பார்க்க ஒருமுறை என்னைக் கூட்டிப் போனார். படகுக்காரர் எங்களைச் சும்மாவே ஏறிக்கொள்ளச் சொன்னார். நான் ஏறிவிட்டேன். இவர் கரையிலேயே நின்றுகொண்டு, "நீ போயிட்டு வா புள்ள, நான் செருப்பப் பாத்துக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வரும்வரை நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அப்படிப்பட்டவர்தான் கடல் தாண்டிப் போக வேண்டி வந்தது. அவருடைய அக்காவை, அதாவது என் மதினியை, ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனார் என்று தந்தி வந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அவள் அங்கே தனியாக இருந்தாள். மாமனாருக்கு மூச்சு இரைக்கும். கப்பல் பயணம் தாங்காது.

"நீதான் போகணும். அக்காளையும் புள்ளைகளையும் கையோட கூட்டிட்டு வந்துரு" என்றார் மகனிடம்.

அப்போது சண்டை சீமையில்தான் நடந்துகொண்டிருந்தது. ரங்கூன் பக்கம் ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் அவர் புறப்பட்டார். மாமனார் கடையிலிருந்து ஒரு புதுக் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள வந்துருவோம்" என்று இவர் பொதுவாக எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் பக்கத்தில் நிற்கும்போது அவர் என்னிடம் பேசியதே இல்லை. பஸ் திரும்பும்போது மகளைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அதன்பிறகு எங்கள் கைக்கு வந்தது அந்தப் படம்தான். பழனியிலிருந்து பொதிமாடுகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையாக வருகிறவர் ஒருவர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரங்கூன் கப்பல் படமாம். ஒங்க மகன் குடுத்து விட்டாராம். பழனிக் கடையில யாரோ கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்காக. வேற வெவரம் எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

மாமனாருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும்தான். அவர் ரங்கூன் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து ஊருக்கு வந்த யாரிடமோ துறைமுகத்தின் படத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அப்படித்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

படம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். கெட்டி அட்டையில் ஒட்டியிருந்தது. அப்போதே பழைய படம் அது. ஒரு ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. கறுப்பு வெள்ளையாக இல்லாமல், தேயிலைச் சாற்றில் முக்கி எடுத்ததுபோல் முழுக்கப் பழுப்பு. முன்னால் மூட்டைகள் அடுக்கிய மேடை, அதன்மேல் தண்டவாளம். அதைத் தாண்டினால் அசையாத தண்ணீர். தண்ணீரில் கப்பல்கள் நின்றன. பாய்மரக் கப்பல்கள் பாயைச் சுருட்டிவிட்டு வெறும் கம்பங்களாக நின்றன. அவற்றுக்கு நடுவே புகைபோக்கி வைத்த பெரிய கப்பல்கள். எல்லாவற்றிலும் பெரியதற்கு இரண்டு புகைபோக்கிகள். ஒன்றிலிருந்து மட்டும் புகை போயிற்று. கப்பல்களின் காலடியில் வெள்ளரி விதை சிதறியதுபோல் படகுகள். ஒரு படகில் கொடி கட்டி வேட்டி காயப்போட்டிருந்தார்கள். இன்னொரு படகு மட்டும் கலங்கித் தெரிந்தது. படம் பிடித்த நேரத்தில் அது நகர்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பின்னால் நீளமாக ஒரு சுவர். சுவருக்கு அப்பால் வெறும் வெள்ளை. நான் அதை வானம் என்று நினைத்தேன். மாமனார்தான், "வானம் இல்லம்மா, கடலு" என்றார்.

கடலை நான் பார்த்ததில்லை. எங்கள் ஏரியைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. உலகத்தில் இவ்வளவு பெரிய பொருளைச் செய்து தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்களே என்று இருக்கும். கப்பலின் பக்கவாட்டில் வரிசையாக வட்ட ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் படுத்திருப்பான், வீட்டை நினைத்துக்கொண்டிருப்பான் என்று தோன்றும். முன்புறத்திலிருந்து ஒரு சங்கிலி சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும். அது எங்கே போய் முடிகிறது என்று கற்பனை செய்துகொண்டே இருப்பேன். மகள் அந்தப் படத்தைத் தொட்டு "ப்பூ" என்பாள். பஸ்ஸையும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

பெருநாளுக்குக் கொஞ்சம் முன்பு, ஜும்மா தொழுதுவிட்டு மாமனார் வீட்டுக்குள் வந்து, தொப்பியைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார்.

"ரங்கூன்ல குண்டு போட்டுட்டாய்ங்களாம். கடைத்தெருவு பூராவும் எரியுதாம்" என்றார்.

எனக்கு அடுப்பில் இருந்ததை இறக்கத் தோன்றவில்லை. அது தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தேன்.

பெருநாள் வந்தது, போனது. எங்கள் வீட்டில் புதுத் துணி எடுக்கவில்லை. தபால்காரர் எங்கள் கடையைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தார். ஒவ்வொரு நாளும் 'ஒன்றும் இல்லை' என்று சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். நான் நாகூருக்கு நேர்ந்துகொண்டேன். கப்பலில் போகிறவர்களைக் காப்பாற்றுகிற இடம் அது என்று எங்களுக்கெல்லாம் நம்பிக்கை. கடைவீதியில் பேச்சு தினம் ஒரு மாதிரி இருந்தது. ரங்கூன் தப்பிவிட்டது என்பார்கள். மறுநாள், விழுந்துவிட்டது என்பார்கள். கப்பலில் பொம்பளைகளை மட்டும்தான் ஏற்றுகிறார்கள் என்றார்கள். ஆம்பளைகள் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள் என்றார்கள். கப்பலையே முக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஆளை மாமனார் கடைக்குள் வரவிடவில்லை.

மாமனார் கப்பல் படத்தைக் கடையிலேயே வைத்துக்கொண்டார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரிடம் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடியை இரவல் வாங்கி வந்து, வாசல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பார். மூட்டைகளுக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஆட்கள் நின்றார்கள். அதில் ஒருவர் கையில் குச்சிபோல் ஏதோ இருந்தது.

"இங்க பாரும்மா. குடையத் தரையில ஊனிக்கிட்டு நிக்கிறான். அவன் நிக்கிற தோரணைதான். இது அவந்தான்."

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க அந்த ஆள் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோனான். முகம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா மாமா" என்றேன்.

மாசிக்கு மேல் பர்மாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மெட்ராஸிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் அவர்கள் ஊர் திரும்புகிறார்கள் என்று தெரிந்ததும், மாமனாரும் நானும் மகளைத் தூக்கிக்கொண்டு கீழே அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி நின்றதும் எங்களுக்கு முன்பே வேறு பலர் ஓடினார்கள். எல்லோரும் ஆளுக்கொரு பெயரைக் கத்தினார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கைச் சட்டையாகப் போட்டிருந்தார்கள். கால்களில் துணி சுற்றியிருந்தது. ஊரில் உள்ள யாரோ கஞ்சி ஊற்றினார்கள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்க மறந்தவர்கள்போல் இருந்தார்கள்.

"கொடைக்கானல் கம்பளிக்கடைக்காரங்க மகன். ஒல்லியா, ஒசரமா இருப்பாருங்க. வெரசா நடப்பாரு. பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு ஜன்னலிலும் கேட்டேன். அடையாளம் சொல்ல வேறு என்ன இருந்தது? படத்தை நீட்டி, "இங்கதான் எறங்குனாரு" என்றேன்.

விருதுநகர்ப் பக்கத்து ஆள் ஒருவர் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"இது ரங்கூன் இல்ல தாயி."

"ரங்கூன்தாங்க. ரங்கூன் கப்பல் படம்" என்றார் மாமனார்.

"கப்பல் வேணா ரங்கூன் போற கப்பலா இருக்கலாங்க. எடம் ரங்கூன் இல்ல. ரங்கூன்ல கப்பல் நிக்கிறது ஆத்துலங்க, கடல்ல இல்ல. கலங்கத் தண்ணி ஓடும், எதிர்க்கரை தெரியும். இந்தா, சுவரு கட்டிக் கடல மறிச்சிருக்கு பாருங்க. இது மெட்ராஸு. நான் கப்பல் ஏறுன எடம், எனக்குத் தெரியாதா?"

வண்டி புறப்பட்டுவிட்டது. அவர் ஜன்னல் வழியாகப் படத்தை என் கையில் திணித்தார்.

நாங்கள் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். அவர் ரங்கூன் போய்ச் சேர்ந்தார் என்பதற்கு எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். கப்பல் ஏறும் முன்பு மெட்ராஸில் எங்கேயோ வாங்கி, ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்து விட்டிருக்கிறார். 'நான் போகப்போகிற கப்பல் இப்படி இருக்கும்' என்று காட்ட நினைத்திருப்பார். தண்ணீருக்குப் பயந்த மனுஷர் அவ்வளவு பெரிய கப்பல்களைப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்குமேல் அவருக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. நடுக்கடலில் போனாரா, கரையில் போனாரா, ஒன்றும் தெரியாது.

மாமனார் வேறு மாதிரி யோசித்திருக்கிறார். மலை ஏறும்போது பஸ்ஸில் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"அவன் கப்பலே ஏறலம்மா. தண்ணின்னா அவனுக்குப் பயம்ல? மெட்ராஸுலயே நின்டுட்டான். என் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு அங்கயே எங்கயோ கெடக்கான்."

அப்படிச் செய்கிறவர் இல்லை அவர். அது மாமனாருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பயந்தவராகவே இருக்கட்டும், அக்காளை விட்டவராகவே இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று வேண்டினேன்.

சித்திரையில் மெட்ராஸே காலியாகிக்கொண்டிருந்தது. அங்கே குண்டு விழப்போகிறது என்று பெட்டி படுக்கையோடு சனம் ஊரை விட்டு ஓடியது. கொடைக்கானலில் ஒரு அறை கிடைக்காது என்ற நிலை. பங்களாக்கள் முழுக்க வெள்ளைக்காரப் பெண்கள், பிள்ளைகள். அவர்களிலும் சிலருடைய புருஷன்மார் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டவர்கள் என்று சொன்னார்கள். எல்லோரும் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது நாங்கள் மெட்ராஸ் போவதற்காகக் கீழே இறங்கினோம். அந்த நிலையில் மாமனாரைத் தனியாக விட எனக்கு மனமில்லை. மூச்சிரைப்பு அவருக்கு அதிகமாகியிருந்தது.

பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஒரு பீப்பாய் கட்டி அதில் கரியைப் போட்டுக் காற்று ஊதுவார்கள். பெருமாள்மலையில் வண்டி நின்றது. கீழிருந்து ஏறி வரும் வண்டி வந்து கடந்தால்தான் நம் வண்டியை விடுவார்கள். மாமனார் தேநீர் வாங்கி வந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். ஏறுகிற வண்டி புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது.

அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். தலை மொட்டையாக இருந்து, முள் முள்ளாக முடி முளைத்திருந்தது. யாரோ கொடுத்த சேலை. அதைச் சரியாகக் கட்டக்கூட இல்லை. கையில் ஒரு பையனைப் பிடித்திருந்தாள். அவனுக்கு வயிறு ஊதிக் கால்கள் குச்சியாக இருந்தன. அவள் நேராக மாமனாரைப் பார்த்து நின்றாள். அவர் தேநீரை ஊதிக்கொண்டே அவளைப் பார்த்தார். யாரோ பிச்சை கேட்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"அத்தா" என்றாள்.

குவளை கீழே விழுந்தது. மாமனாரிடமிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரியே இல்லை. நான் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி வண்டியின் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் இறங்கி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மதினி, அவரு எங்க?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல், "பொறத்தால வர்றான்" என்றாள்.

அவர் ரங்கூன் போய்ச் சேர்ந்திருந்தார். அக்காளைக் கண்டுபிடித்திருந்தார். அதுவே எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. இன்னொரு பிள்ளை, சின்னவள், எங்கே என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. நாங்கள் மெட்ராஸ் போகவில்லை. அவர்கள் வந்த வண்டியிலேயே மேலே திரும்பினோம்.

அதன்பிறகு தினமும் மாமனார் பஸ் வரும் நேரத்துக்குப் போய் நின்றார். நான் வெள்ளனே எழுந்து வீட்டைப் பெருக்கி, அவருடைய வேட்டியை எடுத்து உதறி மறுபடி மடித்து வைப்பேன். மதினி சோறு கொடுத்தால் தின்றாள், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. "எங்க விட்டு வந்தீக? கல்கத்தாலயா? ஒடம்புக்கு முடியலையா?" என்று எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்தான். "பொறத்தால வர்றான்." களைப்பில் இருக்கிறாள், தேறட்டும் என்று விட்டோம்.

ஒருநாள் மாமனார் கடையிலிருந்து நல்ல கம்பளித் துணியாகக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தார். மழைக்காலம் தொடங்கப்போகிறது, மெலிந்துபோய் வருவான், குளிர் தாங்காது, ஒரு கோட்டுத் தைத்து வைத்துவிட வேண்டும் என்றார். தோள் அளவு எவ்வளவு இருக்கும் என்று என்னிடம் கேட்டார். நான் என் கையால் காற்றில் அளந்து காட்டினேன். அப்போது மதினி மூலையிலிருந்து எழுந்து வந்து அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"தைக்காதீங்க அத்தா."

"ஏம்மா?"

அவள் துணியை விடவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"கப்பல்ல எடம் கெடைக்கல அத்தா. நடந்தோம். புரோமுங்கற ஊரு தாண்டி மலை. சனம் சனமா நடந்துச்சு. சின்னவ ஆரம்பத்துலயே போயிட்டா. இவன அவந்தான் தோள்ல தூக்கிட்டு வந்தான். தண்ணி கெடையாது. கண்ட தண்ணியக் குடிச்சோம். அவனுக்கு வாந்தி பேதி கண்டுருச்சு. கண்ணு ரெண்டும் உள்ள போயிருச்சு. கூட வந்தவுக நிக்க மாட்டேன்னுட்டாக. நின்னா எல்லாருக்கும் வந்துரும்னாக. ஒரு மூங்கித் தூருல சாச்சு உக்கார வச்சேன். 'அக்கா, நீ புள்ளையத் தூக்கிட்டு நட. நான் பொறத்தால வர்றேன்'னு சொன்னான். வர மாட்டான்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நடந்துட்டேன். உசுரோட விட்டுட்டு நடந்துட்டேன் அத்தா. திரும்பிப் பாத்தா போக முடியாதுன்னு திரும்பிக்கூடப் பாக்கல."

மாமனார் துணியை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்து, கடைக்குப் போய் இருந்த இடத்தில் வைத்தார். பிறகு கடையை அடைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தார். அந்தப் படுக்கையிலிருந்து அவர் முழுசாக எழுந்திருக்கவே இல்லை. இருமலும் இரைப்புமாக அடுத்த மழைக்காலம் வரை கிடந்து இறந்துபோனார்.

அதற்குள் எனக்காக ஒரு காரியம் செய்தார். பழனியிலிருந்து மார்க்கம் படித்த ஹஜ்ரத்தை வரவழைத்துக் கேட்டார், என் மருமகள் இத்தா இருக்க வேண்டுமா என்று. புருஷனை இழந்தவள் ஒதுங்கி இருக்க வேண்டிய காலம் அது. ஹஜ்ரத் நல்ல மனிதர். தாடியை நீவிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"கடைசியாப் பாத்தவங்க, உசுரோட இருந்தாருன்னு சாட்சி சொல்றாங்க. மவுத்துன்னு நான் எப்படிங்க சொல்றது? பொறுத்துப் பாக்கணும்" என்றார்.

ஆக, நான் பெண்டாட்டியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. அழுதால், 'உயிரோடு இருக்கிற மனுஷரை அழுது தொலைக்காதே' என்றார்கள். அழாவிட்டால் அதையும் பேசினார்கள்.

மதினியை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் தொட்ட குடத்துத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. ஒரே அறையில் படுத்தோம், ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கடையை நான்தான் திறந்தேன். பெண் உட்கார்ந்து வியாபாரம் செய்வதா என்று பேசியவர்கள் பேசட்டும் என்று விட்டேன். அவளுடைய பையன் தேறி ஓடியாடத் தொடங்கியபோது, இவனைத் தூக்கிய தோளை நினைத்து என் வயிறு எரியும். பிள்ளை என்ன செய்வான் என்றும் தெரியும். இரண்டும் ஒன்றாகத்தான் மனசில் கிடந்தன.

மாமனார் இறந்த பிறகு ஒரு மத்தியானம் மதினியைக் காணோம். நல்ல மழை. அக்கம்பக்கத்தில் இல்லை. பெருமாள்மலை ரோட்டில் ஒரு பொம்பளை செருப்பில்லாமல் நடந்து போனாள் என்று விறகுக்காரர் சொன்னார். பிள்ளைகளைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு, கடையிலிருந்த ஒரு குடையை விரித்துக்கொண்டு போனேன். வெகுதூரம் போன பிறகு, ஒரு வளைவில், கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போகிற ரோட்டைப் பார்க்காமல், வந்த வழியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நனைந்து உதடு நீலமாகியிருந்தது.

"இங்க என்ன மதினி?" என்றேன். மாமனாரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்ன நாளுக்குப் பிறகு அவளிடம் நேராக நான் கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

"திரும்பிப் பாக்கணும்போல இருந்துச்சு" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தேன். குடை இரண்டு பேருக்கும் போதவில்லை. அவள் அழுதாள். நான் அன்றைக்கு அழவில்லை. எனக்குக் குளிரும் கோபமும் மட்டும்தான் இருந்தன. ஆனால் அவளை அங்கே விட்டுவிட்டு எழுந்து நடக்க என்னால் முடியவில்லை. அப்படி நடக்க எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன். மழை குறைந்ததும் கையைப் பிடித்து எழுப்பினேன். வீடு வரும்வரை அந்தக் கையை விடவில்லை. அதற்குப் பிறகு அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன்.

சண்டை முடிந்தது. மறுபடி ரங்கூனுக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. செத்துப்போனார்கள் என்று வீட்டார் பாத்தியா ஓதி முடித்த ஆட்களில் சிலர் உயிரோடு வந்து இறங்கினார்கள். அங்கேயே சண்டை முடியும்வரை ஒளிந்து கிடந்தார்களாம். பழனியில் அப்படி ஒருவர் வந்தார் என்று கேட்டதும், கப்பல் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினேன். பித்துப் பிடித்தவள்போல் அவர் வாசலில் நின்றேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். "அந்த மலையில நின்டவுக யாரும் வரலம்மா" என்றார். அந்தப் பதில்கூட எனக்குத் திட்டமான பதிலாகப் படவில்லை. யாரும் என்றால் எல்லோருமா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேலும் ஒரு வருஷம் போயிற்று. யாரும் எனக்கு எதையும் முடித்துச் சொல்லப்போவதில்லை என்று அப்போது புரிந்தது. ஒரு காலையில் கடை திறக்கும் முன்பு, எங்கள் பெண்கள் கல்யாணத்தில் கட்டிக்கொள்கிற கருகமணியைக் கழுத்திலிருந்து நானே கழற்றினேன். யாரையும் கேட்கவில்லை. அதைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்துவிட்டு முகம் கழுவப் பின்பக்கம் போனேன். மதினி துவைத்துக்கொண்டிருந்தாள். என் கழுத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"கழட்டிட்டியா?"

"ம்."

"அப்ப... அவன்..."

"அவரு மவுத்தாப் போயிட்டாரு மதினி. அந்த மலையிலயே, அன்னைக்கே."

அவள் ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, கல்லின்மேல் அப்படியே சாய்ந்தாள். நான் அவளைத் தாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு முழுசாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. கடைக்கு முன்னால் யாரோ கம்பளி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். இரண்டு பேரும் போகவில்லை. கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஆள் போய்விட்டார்.